கீழ்த்தளத்தில் தெக்லா

என் மனைவி ஜெயகுமாரி கல் செதுக்குகிறவள். இதைச் சொன்னால் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் கோவில் வேலையோ என்று கேட்பார்கள். நோர்வேக்காரர் தலையைச் சாய்த்து, உங்கள் நாட்டுப் பாரம்பரியமா என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை. அவளுடைய தகப்பன் பருத்தித்துறையில் தபால் அதிபராக இருந்தவர். அந்த வீட்டில் ஒருவரும் உளியைத் தொட்டதில்லை.

எண்பத்தெட்டில் அவள் நோர்வேக்கு வந்தது ஒரு ஃபோல்க்கஹொய்ஸ்கூலுக்கு. அந்தக் காலத்தில் எங்கள் இளம் பெடியள் பெட்டையள் பலருக்கு விசா வாங்கித் தந்த விடுதிப் பள்ளிக்கூடங்கள் அவை. மொழி தெரியாமல், தையல் என்று நினைத்து அவள் தெரிவு செய்தது கல் வேலைப் பாடமாகப் போய்விட்டது. ஊசியும் நூலும் வரும் என்று இருந்தவளின் கையில் சுத்தியலைக் கொடுத்தார்கள். பிறகு ஆசிரியர் விசயத்தை விளங்கிக்கொண்டு, மாற்றித் தரட்டுமா என்று கேட்டாராம். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

அதன்பிறகு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை, கல்யாணம், எங்கள் மகள் டிலக்சி, எல்லாம் வந்தன. முப்பது வயது தாண்டித்தான் கலைக்கல்லூரிக்குப் போனாள். நான் கட்டடச் சாமான் ஏற்றும் கிரேன் லொறி ஓட்டுகிறவன், பெயர் மகேந்திரராசா. ஒஸ்லோவில், மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் வீடு. அவளுடைய பட்டறை ஹவுகெட்டோவில், ஒரு பழைய கராஜ். அவளுடைய கற்களை இந்த நகரத்தில் பலர் பார்த்திருப்பார்கள், யாருடையது என்று தெரியாமல். ஒன்று பள்ளிக்கூட முற்றத்தில் நிற்கிறது. பிள்ளைகள் அதில் ஏறிச் சறுக்குவார்கள். ஒன்று பக்கத்து லோறென்ஸ்கூக்கில் ஒரு குடியிருப்பு வாசலில் நிற்கிறது.

கண்காட்சிகளுக்கும் அவளை அழைத்தார்கள். ஆனால் அந்தக் கண்காட்சிகளின் பெயரைக் கேட்டாலே விளங்கிவிடும். ‘பல நிறங்களின் நகரம்.’ ‘தூரத்திலிருந்து வந்த கைகள்.’ ஒன்றுக்கு, சிற்பத்தோடு கொஞ்சம் ரோல்ஸும் பொரித்துக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார்கள். அவள் கொண்டு போகவில்லை. அடுத்த வருடம் கூப்பிடவும் இல்லை.

அதனால்தான் ஃபியோர்ட் கடற்கழி ஓரத்து அருங்காட்சியகத்திலிருந்து அழைப்பு வந்தபோது வீட்டில் பெரிய சந்தோசம். கப்பல் முதலாளிக் குடும்பம் ஒன்று கட்டின இடம் அது. கண்ணாடியும் வெள்ளைக் கல்லும். நோர்வேயில் நவீன சிற்பம் எப்படித் தொடங்கியது என்று ஒரு பெரிய கண்காட்சி வைக்கப் போகிறார்கள், அதில் இன்றைய சிற்பி ஒருவரின் கல்லும் இருக்கும், அது உங்களுடையது என்று சொன்னவள் எமிலியா. கண்காட்சியை ஒழுங்கு செய்யும் பெண். முப்பது வயதிருக்கும், வேகமாகக் கதைப்பாள், மனதில் கள்ளமில்லை. ஜெயகுமாரி தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் அதற்கு முன் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன், டிலக்சி பிறந்த அன்று.

நான் வாய் சும்மா இருக்காதவன். தமிழ்ச் சங்கத் தலைவர் அருட்செல்வம் அண்ணைக்கு அன்றே சொல்லிவிட்டேன். அந்தக் கிழமைக்குள் ஒஸ்லோத் தமிழர் எல்லோருக்கும் செய்தி போய்விட்டது. திறப்பு விழாவுக்குப் பஸ் பிடிப்பது என்று சங்கத்தில் முடிவானது.

தன் மிகப் பெரிய கல்லைத்தான் ஜெயகுமாரி கொடுத்தாள். ஆள் உயரம், தொன் கணக்கில் பாரம். ஒரு பக்கம் கண்ணாடிபோல மினுக்கி, மறுபக்கம் மலையில் உடைத்தபடியே விட்டிருந்தாள். அதை நானே லொறியில் கொண்டுபோய் இறக்கினேன். இறக்கி முடிந்த பிறகு எமிலியா, உங்களுக்கு ஒன்றைக் காட்டவேண்டும் என்று எங்கள் இருவரையும் களஞ்சிய அறைக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே ஒரு மரப்பலகையில் இருந்தது அந்தக் கல். குந்தியிருந்து துணி துவைக்கும் ஒரு பெண். முகம் தெரியாது, குனிந்திருக்கிறாள். கைகள் மணிக்கட்டுக்குக் கீழே கல்லுக்குள்ளேயே போய்விடுகின்றன, கல்தான் தண்ணீர். முதுகுதான் முழுச் சிற்பமும். கல்லின் சதுரத்தை அப்படியே விட்டு, அந்தச் சதுரத்துக்குள் ஒரு மனுசியை அடக்கியிருந்தார்கள். எனக்குச் சிற்பம் பற்றிப் பெரிதாகத் தெரியாது. ஆனாலும் அந்த முதுகைப் பார்த்ததும் எனக்கு என் இடுப்பு, நாரி எல்லாம் நொந்தது.

செதுக்கியவளின் பெயர் தெக்லா சவிட்ஸ்கா. எமிலியா அவளுடைய கதையைச் சொன்னாள். போலந்தின் வார்சாவில் கலகத்தில் மாட்டுப்பட்டு, ஆயிரத்துத் தொளாயிரத்து ஆறில் இங்கே தப்பி வந்தவள். அப்போது ஒஸ்லோவுக்குக் கிறிஸ்டியானியா என்று பெயர். ஒரு கல்லறைக்கல் பட்டறையில் செத்தவர்களின் பெயரை வெட்டுவது அவளுக்குக் கிடைத்த வேலை. வெடித்தது என்று ஒதுக்கிய கல் ஒன்றை எடுத்து, வேலை முடிந்த நேரங்களில் இதைச் செய்தாள். அந்த நாளில் சிற்பிகள் களிமண்ணில் ஒரு மாதிரி செய்து கொடுப்பார்கள். அதைப் பார்த்துக் கல்லில் வெட்டுவது வேறு ஆட்கள். மாதிரி எதுவும் இல்லாமல், தன் கையால், நேரே கல்லில் வெட்டுவதுதான் அன்றைய புதுமை. நோர்வேயில் அதை முதலில் செய்தவர் அந்திரேயாஸ் ஹௌ என்றுதான் ஜெயகுமாரி கல்லூரியில் படித்தாள். ஹௌ அப்படி வெட்டிய சிற்பம் 1914. தெக்லாவின் கல்லின் அடியில் அவளே வெட்டிய ஆண்டு 1911.

இது ஒன்றும் இரகசியமில்லை, துறையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும் என்றாள் எமிலியா. ஒருமுறை, 1912இல், இந்தச் சிற்பம் காட்சிக்கு வந்திருக்கிறது. ‘ஒரு விசித்திர விருந்தாளியின் விசித்திரப் பரிசு’ என்று பத்திரிகை ஒன்று எழுதியதாம். அதன்பிறகு நூறு வருடத்துக்கு மேல் ஒருவரும் வெளியே எடுக்கவில்லை. தெக்லா ஒஸ்லோவை விட்டு எங்கேயும் போகவில்லை. இங்கேயே இருந்து இங்கேயே செத்தாள்.

ஜெயகுமாரி கையுறை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு அந்த முதுகில் உள்ளங்கையை வைத்தாள். நெடுநேரம் எடுக்கவே இல்லை. பிறகு, இது எங்கே நிற்கும் என்று கேட்டாள்.

உங்களுடையதோடுதான், கீழ்த்தளத்தில் ஒரு தனி அறை என்று எமிலியா உற்சாகமாகச் சொன்னாள். அறையின் பெயரையும் சொன்னாள். ‘யெஸ்தர்.’ விருந்தாளிகள். அந்தப் பழைய பத்திரிகை வரியிலிருந்து எடுத்தது.

“ஹௌ?” என்றாள் ஜெயகுமாரி.

“மேலே. பெரிய மண்டபத்தில்.”

வீட்டுக்கு வரும்வழியில் அவள் ஒன்றும் கதைக்கவில்லை. எனக்குப் பயம் பிடித்தது. கோபம் வந்தால் சட்டி பானையோடு கதைக்கிறவள் அவள். கதைக்காமல் இருந்தால் விசயம் பெரிது. மோர்டென்ஸ்ருட் வளைவில் லொறியைத் திருப்பும்போதுதான் வாய் திறந்தாள்.

“விருந்தாளி எண்டால் ஆர்? எப்ப எழும்பிப் போகப்போறாய் எண்டு வீட்டுக்காரர் மனசுக்குள்ளை நினைக்கிற ஆள். அந்த மனுசி இந்த மண்ணுக்குள்ளை கிடக்கிறா. இன்னும் எழும்பிப் போகட்டாமோ?”

நான் சமாளிக்கப் பார்த்தேன். “ஒரு அறையின்ரை பெயர்தானேயப்பா. நீர் ஏன் இவ்வளவு யோசிக்கிறீர்?”

“பெயரில்லை. இடம்,” என்றாள்.

அடுத்த கிழமை இயக்குநரைச் சந்திக்க நேரம் கேட்டு வாங்கினாள். என்னையும் கூட்டிப்போனாள். உயரமான, மரியாதையான மனிதர். தானே கோப்பி ஊற்றித் தந்தார். அவள் சொன்னதை இடைமறிக்காமல் கேட்டார். பிறகு தன் பக்கத்தைச் சொன்னார். அதையும் நான் நியாயமாகச் சொல்லவேண்டும். தெக்லாவைக் களஞ்சியத்திலிருந்து முதன்முதலில் வெளியே எடுத்ததே தாங்கள்தான் என்றார். ஆண்டைப் பற்றித் தனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை என்றார். ஆனால் வரலாறு என்பது யார் முதலில் செய்தார் என்பதல்ல, யாரிலிருந்து மற்றது வளர்ந்தது என்பதாம். ஹௌவுக்கு மாணவர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு மாணவர்கள் இருந்தார்கள். மேல் மண்டபம் அந்தத் தொடர்ச்சி. தெக்லாவுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. அவள் ஒரு அழகான கிளைக்கதை.

ஜெயகுமாரி கோப்பியைத் தொடவில்லை. நோர்வேஜிய மொழி அவளுக்கு என்னைவிட நன்றாக வரும். கோபத்தில் இன்னும் நன்றாக வரும்.

“அவளுக்கு மாணவர்கள் ஏன் இல்லை?” என்று கேட்டாள். “பெண் என்பதால் கல்லூரியில் படிப்பிக்க விடவில்லை. வெளிநாட்டுக்காரி என்பதால் சிற்பிகள் சங்கத்தில் சேர்க்கவில்லை. கதவைச் சாத்தியவர்கள் நீங்கள். பிறகு, உனக்குப் பின்னால் ஏன் ஒருவரும் வரவில்லை என்று அவளிடமே கேட்கிறீர்களா?”

அவர் ஒரு தாளையும் பேனாவையும் எடுத்தார். அறையின் பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போடலாமா, ‘விருந்தாளிகள்?’ என்று, அது சிந்திக்கவும் வைக்கும் என்றார். அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோப்பிக் கோப்பையை முகத்துக்கு நேரே பிடித்துச் சமாளித்தேன்.

ஜெயகுமாரி எழுந்து நின்றாள். “ஒன்று அந்தக் கல் மேல் மண்டபத்தில், ஹௌவுக்கு முன்னால் நிற்கவேண்டும். இல்லாவிட்டால் என் கல் உங்கள் வீட்டில் நிற்காது. திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்வரைக்கும் யோசியுங்கள்.”

செய்தி எப்படியோ அருட்செல்வம் அண்ணைக்குப் போய்விட்டது. இந்தமுறை நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மனுசன் வீட்டுக்கே வந்துவிட்டார். எழுபது வயது, வந்த புதிதில் மீன் தொழிற்சாலையில் நின்று நாரி உடைந்தவர், எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் தொடங்கினவர். அவர்மேல் எங்கள் இருவருக்கும் மரியாதை உண்டு. அவர் சத்தம் போடவில்லை. பேர்கனிலிருந்து கூட ஆட்கள் வருகினம், அந்த வாசலில் எங்கடை பெயர் ஒன்று எழுதப்படுவது இதுதான் முதல்தரம் என்றார்.

“பிள்ளை, முதல்லை உள்ளுக்குப் போவம். போன பிறகு எந்த இடம் எண்டு கதைக்கலாம். வாசல்லை நிண்டு சண்டை பிடிச்சால் வாசலையும் பூட்டிப்போடுவாங்கள். அந்தப் போலந்துக்காரி ஆர் எங்களுக்கு?”

“அண்ணை, நான் முப்பது வருசமா உள்ளுக்குத்தான் நிக்கிறன். படிக்குக் கீழை,” என்றாள் அவள். “இப்ப வாயைத் திறக்காட்டி, நான் செத்துப்போன பிறகு என்ரை கல்லையும் ஒருத்தி களஞ்சியத்திலையிருந்து எடுத்துத் தூசி தட்டி, விருந்தாளி எண்டு எழுதுவாள். அந்தப் போலந்துக்காரி ஆர் எண்டு கேக்கிறியள். எனக்கு முன்னம் இந்த ஊரிலை கல் வெட்டினவ. அவ்வளவு காணும்.”

அருட்செல்வம் அண்ணை தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பஸ்ஸுக்குச் சொல்லியாச்சு, சனம் வரத்தான் போகுது, நீர் இல்லாட்டி நாங்கள் எதைப் பார்க்கிறது என்று கேட்டுவிட்டு, என்னை ஒருதரம் பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குத் தெரியும்: மனுசியை நீயாவது சொல்லித் திருத்து.

டிலக்சியும் எதிராகத்தான் நின்றாள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, வழக்கறிஞர். அவளுக்கு அந்த அறையின் பெயர் எங்களைவிடக் கூடச் சுட்டது. ஆனால் கேட்கிறதென்றால் உங்களுக்காகக் கேளுங்கள் அம்மா என்றாள். உங்கள் கல்லை மேலே வைக்கச் சொல்லிக் கேளுங்கள். யாரோ ஒருத்திக்காக ஏன் உங்கள் வாய்ப்பை எறிகிறீர்கள்?

“எனக்காகக் கேட்டால், குறை சொல்லுற மனுசி எண்டு முடிச்சுப்போடுவினம்,” என்றாள் ஜெயகுமாரி. “அவவுக்காகக் கேட்டால் பதில் சொல்லவேணும்.”

டிலக்சி அன்றிரவே அருங்காட்சியகத்தோடு செய்த ஒப்பந்தத்தை வாங்கி வாசித்தாள். கல் அம்மாவுடையது, அவர்கள் தடுக்க முடியாது, அவர்களுக்கு நட்டஈடு என்று கேட்கவும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அருங்காட்சியகத்திலிருந்து பதில் வந்தது, நல்ல பண்பான வார்த்தைகளில். கண்காட்சியின் அமைப்பை மாற்ற இயலாது.

வியாழக்கிழமை காலை லொறியோடு போனோம். என் முதலாளியிடம் உண்மையைச் சொல்லித்தான் லொறியைக் கேட்டிருந்தேன். அவர் வடக்கே மீன்பிடிக் கிராமத்து ஆள். தலைநகரத்துப் பெரிய மனிதர்களோடு சண்டை என்றதும், கழுவித் திங்கட்கிழமை கொண்டுவா என்று மட்டும் சொன்னார். சாமான் வாசலை எமிலியாதான் திறந்துவிட்டாள். அழுதிருந்தாள். தான் உள்ளே பல தடவை கேட்டுப் பார்த்ததாகச் சொன்னாள். ஜெயகுமாரி அவளுடைய தோளைத் தட்டிவிட்டு, வேலையைப் பார்த்தாள்.

கல்லைக் கிரேனில் தூக்க அதைச் சுற்றிப் பட்டி போட்டேன். அதுவரைக்கும் எனக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது, கடைசி நேரத்தில் அவள் மனம் மாறுவாள் என்று. அல்லது அவர்கள் மாறுவார்கள். சங்கத்தில் நான் எந்த முகத்தோடு போய் நிற்பேன் என்ற நினைப்பும் இருந்தது. இயக்குநர் வந்து தூரத்தில் கைகட்டி நின்றார். ஜெயகுமாரி பட்டியின் மறுமுனையைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தாள்.

“நீங்கள் என்னோடை நிக்கிறியளோ, லொறியோடை மட்டும் வந்தனியளோ?”

நான் பட்டியை இறுக்கினேன். அவளுக்கு அந்தப் பதில் போதும்.

கல் லொறியில் ஏறியதும் ஹவுகெட்டோவுக்குத்தானே என்று கேட்டேன். இல்லை என்றாள். அருங்காட்சியக வாசலுக்கு நேர் எதிரே, துறைமுகப் பக்கம், பார வாகனங்கள் காசு கட்டி நிறுத்தும் இடம் ஒன்று உண்டு. திறப்பு விழா நாளான சனிக்கிழமை லொறியை அங்கே விடவேண்டும் என்றாள். சட்டப்படி அது யாருடைய முற்றமும் இல்லை.

சனிக்கிழமை நல்ல வெயில். லொறித் தட்டின் நடுவில் கல் நின்றது. ஒரு பக்கத்துத் தடுப்பை இறக்கிவிட்டு, அதன் அருகே மடக்குக் கதிரை ஒன்றைப் போட்டு ஜெயகுமாரி உட்கார்ந்தாள். விழாவுக்கென்று வாங்கின நீலப் பட்டுச்சேலைதான் உடுத்திருந்தாள். அதன்மேல் குளிருக்கு என் வேலை ஜாக்கெட். லொறிப் பக்கத்தில் ஒரு பெரிய அட்டை கட்டியிருந்தோம். முதல்நாள் அவள் தூரிகையால் எழுதியது, நோர்வேஜிய மொழியில் மேலே, தமிழில் கீழே:

‘தெக்லா சவிட்ஸ்கா, 1911. கீழ்த்தளத்தில் இருக்கிறா. முதலில் அவவைப் பாருங்கோ.’

தன் பெயரை அவள் எழுதவில்லை. எழுதச் சொல்லி நான் கேட்டும் கேட்கவில்லை.

முதலில் வந்தவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். நோர்வேக்காரர், பார்த்தும் பாராததுமாகப் போவதில் கெட்டிக்காரர். பிறகு ஒரு வயதான சோடி நின்று அட்டையை வாசித்தது. யார் இந்தத் தெக்லா என்று கேட்டார்கள். போய்ப் பாருங்கள், நான் சொல்லி நீங்கள் பார்க்கக்கூடாது என்றாள் ஜெயகுமாரி. அவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். அதன்பிறகு நின்றவர்கள் கூடினார்கள். ஒருவர் நிற்கிற இடத்தில்தான் மற்றவரும் நிற்பார். சிலர் லொறித் தட்டில் ஏறிக் கல்லைத் தொட்டுப் பார்த்தார்கள். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சங்கத்துப் பஸ் வந்து நின்றது. பட்டுச்சேலைகளும் கோட்டுகளுமாக எங்கள் சனம் இறங்கியது. அருட்செல்வம் அண்ணை கடைசியாக இறங்கி லொறியைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை. எனக்கே அது ஆச்சரியமாக இருந்தது. அவர் அட்டைக்குக் கிட்டே போய்க் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். திரும்பிச் சனத்தைப் பார்த்தார்.

“வந்தது வந்திட்டம். கீழை போய்ப் பாப்பம், அப்பிடி என்னதான் இருக்கெண்டு,” என்றார். குரலில் கோபம் அப்படியே இருந்தது.

உள்ளே நடந்ததை டிலக்சி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பெரிய மண்டபத்தில் ஒலிபெருக்கி வைத்து, வைன் கிளாசுகள் அடுக்கி, பேச்சுக்கு எல்லாம் தயார். பேச்சுத் தொடங்கும் நேரத்தில் அங்கே நின்றது அந்தக் கப்பல் குடும்பத்தாரும் சில பத்திரிகைக்காரரும் மட்டும்தான். மீதிச் சனம் முழுக்கக் கீழே. சின்ன அறை, படி முழுக்க ஆட்கள் நின்றார்கள். எங்கள் பெண்கள் அந்தத் துவைக்கிற மனுசியைச் சுற்றி நின்று, தங்களுக்குள் மெல்லிசாகக் கதைத்துக்கொண்டிருந்தார்களாம். முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கிற வேலை செய்து ஓய்வெடுத்த ஒரு அம்மா, இவவைச் செய்தவவுக்குத் தோய்ச்சுப் பழக்கம், இல்லாட்டி முழங்கை இப்பிடி வராது என்றாவாம். அதை டிலக்சி நோர்வேஜிய மொழியில் பக்கத்தில் நின்றவர்களுக்குச் சொல்ல, கேள்விகள் தொடங்கிவிட்டன. யார் இவ, எப்போது, ஏன் இங்கே, ஏன் மேலே இல்லை?

எமிலியா மேலே நிற்கவேண்டியவள். படி இறங்கி வந்து, ஆட்களை விலக்கிக்கொண்டு கல்லின் பக்கத்தில் போய் நின்று, கேட்ட கேள்வி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாளாம். கடைசிக் கேள்விக்கும். “இவளுடைய இடம் இதில்லை. அது எங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் இங்கே வைத்தோம்,” என்று சொன்னாளாம், எல்லோருக்கும் கேட்க.

இயக்குநர் மேலே காத்து நின்று பார்த்துவிட்டு, கடைசியில் தானே கீழே வந்தார். ஒலிபெருக்கி இல்லாமல், படியில் நின்றபடி திறப்புரையை வாசித்தார். ஹௌவைப் பற்றி எழுதிவைத்திருந்த பந்திகளைத் தெக்லாவின் முதுகைப் பார்த்தபடி வாசிக்க வேண்டியிருந்தது. இரண்டு இடத்தில் தடுமாறினார் என்றாள் டிலக்சி. சொல்லும்போது அவளுடைய கண் கலங்கியிருந்தது. தாயின் மடக்குக் கதிரைக்குப் பக்கத்தில், லொறித் தட்டிலேயே குந்தி, தாயின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சேலையில் கிரீஸ் பட்டதை இருவரும் கவனிக்கவில்லை.

உடனே எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். மாறவில்லை. பத்திரிகைகளில் வந்தது. ஒருவர் ஜெயகுமாரிக்குச் சார்பாக எழுதினார், இன்னொருவர் நன்றியில்லாதவள் என்று எழுதினார். அந்தச் சொல்லை அவள் இரண்டு தரம் வாசித்தாள். “எனக்குச் சோறு போட்டது என்ரை கை,” என்றுவிட்டுப் பத்திரிகையை மடித்து அடுப்படியில் மீன் வெட்டும் பலகைக்குக் கீழே விரித்தாள். இலையுதிர்காலத்தில் கண்காட்சி முடியும்வரை தெக்லா கீழ்த்தளத்தில்தான் இருந்தாள். அறையின் பெயர்ப்பலகையை மட்டும் ஒருநாள் கழற்றிவிட்டார்கள். சுவரில் ஆணித் துளைகள் தெரிந்தன. எமிலியாவின் ஒப்பந்தம் முடிந்தபோது அதைப் புதுப்பிக்கவில்லை. அவள் இப்போது வடக்கே ட்ரொண்ட்ஹைமில் வேலை செய்கிறாள். கிறிஸ்மஸுக்கு எங்களுக்கு ஒரு பெட்டி அப்பிள் அனுப்பினாள்.

ஜெயகுமாரிக்கு வருவதாக இருந்த ஒரு பெரிய வேலையும் வராமல் போனது. காரணம் யாரும் சொல்லவில்லை. சங்கத்தில் சிலர் என்னோடு நெடுநாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அருட்செல்வம் அண்ணை மட்டும் தை மாதத்தில் வந்து, தமிழ்ப் பள்ளிக்கூடத்து முற்றத்துக்கு ஒரு கல் செய்து தர முடியுமா என்று கேட்டார். அவள் செய்தது சரி என்று அவர் சொல்லவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. எந்த இடத்தில் வைப்பீர்கள் என்று மட்டும் கேட்டாள். நீர் சொல்லுற இடத்திலை பிள்ளை என்றார்.

போன வசந்தத்தில் அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சியைப் புதிதாக அடுக்கினார்கள். புதிய இயக்குநர் வந்திருந்தார். எங்களுக்கு அழைப்பு வரவில்லை. நாங்கள் காசு கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு போனோம். பெரிய மண்டபத்தில், வாசலால் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில், துவைக்கிறவள் குந்தியிருந்தாள். மேலேயிருந்து வெளிச்சம் நேரே முதுகில் விழுந்தது. அவளைத் தாண்டித்தான் ஹௌவிடம் போகலாம். சுவரில் அவளுடைய பெயர், பிறந்த ஊர், 1911. அதோடு ஒரு வரி: நோர்வேயில் நேரே கல்லில் செதுக்கிய முதல் நவீன சிற்பி.

ஜெயகுமாரியைப் பற்றி எங்கேயும் ஒரு சொல் இல்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. லொறியில் கல்லோடு குளிரில் இருந்தவள் நீர், அந்த வரியில் உம்முடைய பங்கும் இருக்கு என்று சொன்னேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டம் வந்திருந்தது. ஆசிரியை தெக்லாவின் பெயரைச் சொல்லிக்கொடுக்க, பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். சவிட்ஸ்கா, சவிட்ஸ்கா என்று. ஜெயகுமாரி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

ஒரு மாதம் கழித்து அங்கேயிருந்து தொலைபேசி வந்தது. ஜெயகுமாரியின் அந்தக் கல்லைத் தங்கள் சேகரிப்புக்கு வாங்க விரும்புகிறார்கள். எங்கே நிற்கும் என்று அவள் கேட்டாள். இன்றைய சிற்பிகளின் மண்டபத்தில், ஜன்னலோரம், ஃபியோர்ட் தெரிகிற அழகான இடம் என்றார்கள். அவள் நேரே போய்ப் பார்த்தாள். மண்டபத்தைக் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள்.

“ஜன்னலோரம் வேண்டாம். நடுவில் வையுங்கள்,” என்றாள்.

நடுவில் வைத்தால் ஆட்கள் நேரே நடந்து போக முடியாது, ஒவ்வொருவரும் சுற்றித்தான் போகவேண்டும் என்று மண்டபத்தைக் காட்டிய பெண் தயங்கிச் சொன்னாள்.

“சுற்றிப் போகட்டும்,” என்றாள் ஜெயகுமாரி.

யோசித்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். அவள் அவசரப்படவில்லை. காலையில் எழும்பி ஹவுகெட்டோவுக்குப் போகிறாள். புதிதாக ஒரு கல் இறக்கியிருக்கிறோம், முந்தியதைவிடப் பெரிது.